நாற்பது கை மிட்டாய்

கண்டக்டரக்காவுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை.

பதினோரு வருஷமாகப் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு, "உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் அவள். அவள் விசில் அடித்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். அப்படிப்பட்டவள் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, "அனைவருக்கும் வணக்கம்" என்பதை ஏழாவது தடவையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு தடவையும் குரல் நடுவில் உடைந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்னபோது, அதைப் பற்றிப் பேச ஓர் ஆள் அகப்படாமல் காலி பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து அழுதாள். பிறகு செருப்புக் கடை மாடியில் ஓர் அறை கிடைத்தது. செவ்வாய்க்கிழமைதோறும் ஐந்து பேர் கூடினார்கள். என்ன சாப்பிட்டோம், எப்போது மயக்கம் வந்தது, எந்த இடத்தில் ஊசி போட்டால் வலிக்காது என்று பேசினார்கள். ஐந்து பேர் நாற்பது பேர் ஆனார்கள். ‘செவ்வாய்க் கூட்டம்’ என்று அதற்கு ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டது.

இன்றைக்கு, இந்த வியாழக்கிழமை, நகர மண்டபத்தையே அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். முன்னூறு பேராவது வருவார்கள் என்று பரிசோதனைக்கு ஏற்பாடு செய்த நர்ஸம்மா அடித்துச் சொல்லியிருந்தார். ரத்தம், கால், கண் எல்லாப் பரிசோதனையும் ஒரே கூரையின் கீழ், சாயந்திரம் ஆறு மணி வரைக்கும். நடுவில் கண்டக்டரக்காவின் பேச்சு ஐந்து நிமிஷம்.

நாற்பது பேரையும் அழைத்துப்போக டெப்போவில் ஒரு தனி பஸ் கேட்டிருந்தாள். கொடுத்துவிட்டார்கள். டிரைவராகப் போட்டிருந்தது அவளுடைய சொந்தத் தம்பியை.

அந்தச் சின்னவனை நினைத்தால்தான் அவளுக்குப் போன வாரத்திலிருந்து நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது. அவன் மனைவி, வீட்டிலேயே தையல் தைக்கிறவள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே டெப்போ வாசலுக்கு வந்து நின்றதை எப்படி மறப்பது?

"அண்ணி, உங்க தம்பிக்கு வேற எங்கயோ பழக்கம் இருக்கு. மாசம் பொறந்தா முதல் வியாழக்கிழமை மூணு மணி நேரம் காணாமப் போறார். கேட்டா ஓவர்டைம்ங்கறார். டீயில சக்கரை வேண்டாங்கறார். சட்டை எல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு, நான்தான் உள்ள பிடிச்சுத் தைக்கிறேன். இந்த வயசுல ஒரு மனுஷன் யாருக்காக அண்ணி இளைப்பான்?"

"கூட்டம் முடியட்டும். நானே நேருக்கு நேர் கேட்டுடறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள் கண்டக்டரக்கா.

பிற்பகல் இரண்டரை மணிக்குச் செருப்புக் கடை வாசலில் பஸ் வந்து நின்றபோது நாற்பது பேரும் கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள் மாதிரி நின்றார்கள். புதுச் சட்டை, பூப்போட்ட சேலை, கையில் பை. தையல்காரி தானே தைத்த துணிப் பேனரைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தாள். பேனர் கட்ட வந்ததாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் கண் டிரைவர் சீட்டை விட்டு நகரவில்லை. இன்றைக்கும் மாதத்தின் முதல் வியாழக்கிழமை!

"சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள் கண்டக்டரக்கா.

"காலை டியூட்டியே ஒன்றரைக்குத்தான் முடிஞ்சுது. உடனே இந்த வண்டியைக் குடுத்துட்டாங்க. அப்புறம் பார்த்துக்கலாம், விசிலடி" என்றான் சின்னவன், திரும்பிப் பார்க்காமல்.

இரண்டு விசில். பஸ் கிளம்பியது.

உள்ளே ஒரே கூத்து. சட்டைப் பையில் எப்போதும் மிட்டாய் வைத்திருப்பதால் மிட்டாய் வாத்தியார் என்று பெயர் வாங்கிய ஓவிய ஆசிரியர், மேடையில் பேசப்போகிறவளை நிம்மதியாக இருக்க விடவில்லை.

"என்ன கண்டக்டரக்கா, பேச்சைக் காட்டுங்க. ‘டிக்கெட் டிக்கெட்’னு ஆரம்பிச்சுடாதீங்க!"

"நீங்க முன் வரிசையில உட்காராதீங்க வாத்தியாரே, உங்க முகத்தைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வந்துடும்."

சிரிப்பு அடங்குவதற்குள் பஸ் தபால் நிலையத் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டது. அங்கே இடது பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

"டேய், திருப்பம் போயிடுச்சே!"

"தெரியும்" என்றான் சின்னவன். குரல் வெடுக்கென்று வந்தது. அவன் அவளிடம் அப்படிப் பேசுகிறவனே இல்லை.

அடுத்த நொடி, வெயில் கொளுத்திக்கொண்டிருந்த அந்தப் பகலில், காய்ந்த கண்ணாடியின் மேல் வைப்பர் கிறீச் கிறீச் என்று ஓட ஆரம்பித்தது.

கண்டக்டரக்கா முன்னால் ஓடினாள். சின்னவனின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஜன்னல் காற்று முகத்தில் அடித்தும் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. பார்வை ரோட்டில்தான் இருந்தது. ஆனால் அது ரோட்டைப் பார்க்கும் பார்வையாக இல்லை. பஸ் மெல்ல மெல்ல நடுத்தடுப்பை நோக்கிச் சாய்ந்தது.

இந்த முகத்தை அவளுக்குத் தெரியும். செவ்வாய்க் கூட்டத்தில் எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறாள்! வியர்வை, நடுக்கம், எரிச்சல், குழப்பம். அவளுடைய முகமே கண்ணாடியில் இப்படி இருந்திருக்கிறது. ஆனால் இவனுக்கு எப்படி? இவனுக்குத்தான் சர்க்கரையே இல்லையே!

யோசிக்க நேரம் இல்லை. விசிலை வாயில் வைத்து, நெஞ்சில் இருந்த காற்று மொத்தத்தையும் சேர்த்து நீளமாக ஒரே ஊது ஊதினாள்.

ஒரு விசில் என்றால் நிறுத்து. அக்காவின் வண்டியிலேயே ஒன்பது வருஷம் ஓட்டி அந்தச் சத்தத்துக்குப் பழகிய கால். புத்தி தடுமாறினாலும் கால் தடுமாறவில்லை. பிரேக்கை அழுத்தியது. பஸ் குலுங்கி, தடுப்புக்கு ஒரு சாண் இடம் விட்டு நின்றது.

அவள் கை நீட்டி என்ஜினை அணைத்தாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுச் சாவியை உருவினாள்.

"எதுக்கு... நிறுத்தினே? எனக்கு ஒண்ணும்... இல்ல" என்றான் சின்னவன். நாக்கு குழறியது.

கண்டக்டரக்கா பஸ்ஸுக்குள் திரும்பினாள். "சுகர் இறங்கிடுச்சு! யார்கிட்ட மிட்டாய் இருக்கு?"

அந்தக் காட்சியை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். நாற்பது பேரும் எழுந்தார்கள். நாற்பது கைகள் நீண்டன. ஆரஞ்சு மிட்டாய், குளுக்கோஸ் பொட்டலம், சர்க்கரைப் பாக்கெட், ஜூஸ் டப்பா. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு ஊட்டக்கூட இவ்வளவு கைகள் நீண்டிருக்காது. வேறு எந்த பஸ்ஸில் இது நடக்கும்!

பின்னாலிருந்து ஒருவர் ஒரு சாக்லேட்டையும் நீட்டினார்.

"சாக்லேட் வேண்டாம்!" என்று ஏக காலத்தில் ஏழெட்டுக் குரல்கள். "அதுல கொழுப்பு இருக்கு, சுகர் ஏற லேட்டாகும்!"

"அதான் பேர்லயே லேட் இருக்கே!" என்றார் மிட்டாய் வாத்தியார், ஜூஸ் டப்பாவில் குழாயைக் குத்திக்கொண்டே.

சின்னவன் தலையைத் திருப்பிக்கொண்டான். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டான். அப்போது மூன்றாவது சீட்டிலிருந்து தையல்காரி பாய்ந்து வந்தாள். பேனர் உருண்டு கீழே விழுந்தது. அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"குடிங்க. என் மேல ஆணை, குடிங்க."

குடித்தான்.

யாரோ விரலில் குத்தி மீட்டரில் வைத்தார்கள். நாற்பத்தெட்டு. பதினைந்து நிமிஷம் காத்திருந்தார்கள். இரண்டு பேர் கீழே இறங்கிப் போக்குவரத்தை ஒழுங்கு செய்தார்கள். மறுபடியும் குத்தினார்கள்.

"எண்பத்து மூணு!"

பஸ்ஸே கைதட்டியது. கிரிக்கெட் ஆட்டத்தில் கடைசிப் பந்தில் ஜெயித்தவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள். யாரோ ரொட்டித் துண்டைக் கொடுக்க, சின்னவன் மென்றுகொண்டே சுற்றிலும் பார்த்தான். கண்ணில் தெளிவு வந்தது. தெளிவோடு பயமும் வந்தது.

"எத்தனை நாளாடா?" என்றாள் கண்டக்டரக்கா.

"ரெண்டு வருஷம்."

"எங்க பார்க்கறே?"

"ஊருக்கு அந்தக் கோடியில ஒரு கிளினிக். மாசம் முதல் வியாழக்கிழமை. மாத்திரையை முழுங்கிட்டேன். சாப்பிடறதுக்குள்ள இந்த வண்டி..."

தையல்காரி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"வியாழக்கிழமை... கிளினிக்கா? நான் எவளோ ஒரு சக்களத்தின்னு நினைச்சு ராத்திரியெல்லாம் தூங்காம கிடந்தேனே! கடைசியில சக்கரைதான் எனக்குச் சக்களத்தியா?"

மிட்டாய் வாத்தியார்தான் முதலில் சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கணவனின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

சின்னவன் மட்டும் சிரிக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக் காதருகே சொன்னான்.

"டிரிப் ஷீட்ல டயர் பஞ்சர்னு எழுதிடுக்கா. உனக்குத் தெரியாதா? அப்பாவுக்குச் சுகர்னு தெரிஞ்சதும் வண்டியிலேர்ந்து இறக்கி டெப்போ கேட்ல உட்கார வெச்சாங்களே. கேட்டைத் திறந்து திறந்து மூடியே மனுஷன் பாதியாப் போனார். என்னையும் அங்க உட்கார வெச்சுடாதே."

ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் சர்க்கரையைப் பற்றிச் சொன்னவள் கண்டக்டரக்கா. ஒரே வண்டியில் ஒன்பது வருஷம் கூட நின்ற தம்பி சொல்லப் பயந்திருக்கிறான். தடுப்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவே இருந்த அந்த ஒரு சாண் இடத்தை ஜன்னல் வழியே பார்த்தாள்.

"பஞ்சர்னு எழுத மாட்டேன்டா."

டெப்போவுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் வண்டிகளையும் ஆட்களையும் ஒதுக்குகிற கன்ட்ரோலர். டெப்போவில் அவருக்குக் ‘கடிகாரத்தை முழுங்கினவர்’ என்று பெயர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"சார், வண்டி பத்திரம். ஆளுங்க பத்திரம். டிரைவருக்கு உடம்பு சரியில்ல. வண்டியை எடுக்க வேற ஆள் அனுப்புங்க."

"என்ன உடம்பு?"

அவள் தம்பியைப் பார்த்தாள். "அஞ்சு மணிக்குள்ள அவனே உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லுவான் சார்."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

மண்டபம் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. வேறு டிரைவர் வந்து பஸ்ஸைப் பொறுப்பேற்றதும் நாற்பது பேரும் இறங்கி நடந்தார்கள். பேனரை விரித்து நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "என்ன ஊர்வலம்?" என்று கேட்டவர்களிடம், "சும்மா வாங்க, உங்களுக்கும் பார்த்துடலாம்!" என்றார் மிட்டாய் வாத்தியார். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்பது பேர் எழுபது பேராகியிருந்தார்கள்.

உள்ளே நிற்க இடமில்லை. முன்னூறு என்று சொன்ன நர்ஸம்மா, "ஐந்நூறைத் தாண்டிடுச்சு" என்று இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார். சின்னவனை டாக்டரிடம் உட்கார வைத்தார். அந்த மாத்திரை இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும், சர்க்கரை மறுபடி இறங்கலாம், அதனால் ராத்திரிவரை அடிக்கடி குத்திப் பார்க்க வேண்டும், தனியாக விடக்கூடாது என்றார் டாக்டர். மாத்திரையையே மாற்றுவது பற்றியும் பேசினார். ஸ்டியரிங்கை இன்றைக்குத் தொடவே கூடாது. திட்டவில்லை. அதுதான் சின்னவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். கண்டக்டரக்கா மைக் முன்னால் நின்றாள். ஐந்நூறு முகங்கள். "அனைவருக்கும்..." என்றாள். வாசலில் கும்பல் முண்டியடிப்பது கண்ணில் பட்டது. அவ்வளவுதான், பதினோரு வருஷப் பழக்கம் தானாக வாயில் வந்துவிட்டது.

"உள்ள வாங்க, உள்ள வாங்க! வாசல்ல நிக்காதீங்க! முன்னால நாலு சீட் காலியா இருக்கு!"

மண்டபம் அதிர்ந்தது. சிரித்துக்கொண்டே எல்லோரும் உள்ளே நகர்ந்தார்கள். அதற்கப்புறம் அவள் குரலை யாராலும் நிறுத்த முடியவில்லை. முதல் நாள் காலி பஸ்ஸில் அழுததைச் சொன்னாள். பாதத்தைத் தினமும் ஏன் பார்க்க வேண்டும், சட்டைப் பையில் மிட்டாய் ஏன் இருக்க வேண்டும் என்று சொன்னாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அது அவனுடைய விஷயம்.

"யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார் நர்ஸம்மா.

நடு வரிசையில் ஒரு கை உயர்ந்தது. தையல்காரி!

"எனக்குச் சுகர் இல்லீங்க. வீட்டுக்காரருக்குத்தான். அவர் என்ன சாப்பிடணும், எப்படி நடக்கணும்னு எல்லாரும் சொல்றீங்க. ஆனா அவர் என்கிட்டயே ரெண்டு வருஷம் மறைச்சார். நான் என்ன பண்ணியிருக்கணும்? நான் ஏதோ தப்பாத்தான் கேட்டிருக்கேன், அதான் அவர் சொல்லல. எப்படிக் கேக்கணும்னு எங்களுக்கு யார் சொல்லிக் குடுப்பா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "ஆமா" என்றாள் ஒருத்தி. "எங்க வீட்லயும்தான்" என்றாள் இன்னொருத்தி. ஓர் ஆண் குரல், "என் சம்சாரம் மறைச்சா!" என்றது. அங்கங்கே கைகள் உயர்ந்தன. நர்ஸம்மா நோட்டைத் திருப்பினார். புதுப் பக்கத்தில் அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டார்.

சின்னவன் எழுந்து நின்றான்.

"நீ ஒண்ணும் தப்பாக் கேக்கல" என்றான், மனைவியைப் பார்த்து. மைக் இல்லாமலே கேட்டது. "எனக்கு வேலை போயிடும்னு பயம். நான் பஸ் டிரைவர். இன்னைக்கு வண்டியில சுகர் இறங்கிடுச்சு. நாற்பது பேர் உள்ள இருந்தாங்க. எங்கக்கா விசிலடிக்கலன்னா..."

யாரும் உச்சுக்கொட்டவில்லை. முதலில் செவ்வாய்க் கூட்டத்து நாற்பது பேர் கைதட்டினார்கள். பிறகு மண்டபம் முழுக்க.

அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே அவன் அக்காவிடம் கை நீட்டினான். "போனைக் குடுக்கா. மணி அஞ்சாகப் போகுது."

மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் நின்று பேசினான். கன்ட்ரோலரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. மாத்திரை, வியாழக்கிழமை, வைப்பர், தடுப்பு. கண்டக்டரக்கா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு லைசன்ஸோட ஆபீசுக்கு வரச் சொல்றார்" என்றான். முகம் வெளுத்திருந்தது. "உன்கிட்டப் பேசணுமாம்."

அவள் போனை வாங்கினாள். எதற்கும் தயாராகிக்கொண்டாள். தம்பிக்காக எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க சார்."

"பஸ் கேட்டப்போ, அங்க ரத்தம் பார்க்கறாங்கன்னு சொன்னியே. எத்தனை மணி வரைக்கும்?"

"ஆறு மணி வரைக்கும் சார். யாருக்கு சார்?"

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. சாவிக்கொத்து குலுங்கியது. பிறகு, டெப்போவில் யாரும் கேட்டறியாத ஒரு தணிந்த குரலில் கடிகாரத்தை முழுங்கினவர் சொன்னார்:

"வாசல்லயே நில்லும்மா. எனக்கு அங்க யாரையும் தெரியாது."